பதினாலு அங்குலத்துக்குள் ஒரு வேட்டை நாய்

காவிரிப் படுகையில் எடுக்கப்பட்ட மாபெரும் முடிவுகளில் முதலாவது கல்லணையைக் கட்டியது என்றால், இரண்டாவது ஆதிச்சமேட்டுப் பஞ்சநதம் பதினாலு அங்குலத்துக்கு மேற்படாத வேட்டை நாய் ஒன்றை வாங்கத் தீர்மானித்தது. இடையில் தஞ்சாவூரில் ஒரு பெரிய கோயில் எழும்பியது உண்மைதான். ஆனால் அதற்குக் கல்வெட்டு உண்டே தவிர, தீர்மானப் புத்தகம் கிடையாது. பஞ்சநதத்தின் நாய்க்கு உண்டு. முப்பத்திரண்டு பக்கம், ஒவ்வொன்றிலும் சங்க முத்திரை.

பஞ்சநதம் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது உடம்புதான், கண்காணிப்பு ஓயவில்லை. குடவாசலுக்குப் பக்கத்திலிருக்கும் ஆதிச்சமேட்டுக்குத் திரும்பிய முதல் மாதம், மனைவி ரெத்தினத்தின் அடுக்களையைக் கண்காணித்தார். புளி எத்தனை சுளை போகிறது என்று குறிப்பெடுத்தார். இரண்டாம் மாதம் ரெத்தினம் நாலு பேரிடம் சொல்லி அவரை விவசாயிகள் நலச் சங்கத்துக்குத் தலைவராக்கி வெளியே அனுப்பிவைத்தாள். "மக்களின் வற்புறுத்தலால் பொறுப்பேற்றேன்" என்று அவர் மேடையில் சொல்வது பொய்யல்ல. ரெத்தினமும் மக்களில் ஒருத்திதானே.

சங்கம் சிறப்பாகவே நடந்தது. வாரம் ஒரு கூட்டம். ஒவ்வொரு கூட்டத்திலும் சென்ற கூட்டத்தின் நடவடிக்கைகள் வாசிக்கப்பட்டு, ஏற்கப்பட்டு, தேநீர் வழங்கப்பட்டது. சென்ற கூட்டத்தின் நடவடிக்கை என்னவென்றால், அதற்கு முந்தைய கூட்டத்தின் நடவடிக்கையை வாசித்ததுதான்.

இந்தத் தெளிந்த நிர்வாகத்தைக் கலக்கியவர் அப்துல் வஹாப். பஞ்சநதத்தோடு ஐந்தாம் வகுப்புவரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்; முப்பது வருஷம் ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர்; இப்போது சங்கத்தின் செயலாளர். பாலைவனத்தில் அரபிகள் வல்லூறை வைத்துப் பறவை பிடிப்பதை அவர் நேரிலேயே பார்த்திருக்கிறார். ஒரு ஷேக்கின் வண்டியில் ஏசி ரிப்பேராகி அழைத்துப் போயிருந்தார்கள். வண்டிக்கு அடியில் படுத்தபடி பார்த்தார்.

"மனுசன் கெத்தா வாழ்றதுன்னா அதுதாம்ப்பா பஞ்சு," என்றார் ஒருநாள் டீக்கடையில். "ஷேக்கு கையை நீட்டுறாரு, பறவை வந்து உக்காருது. நாம கையை நீட்டுனா என்ன வருது? பஜ்ஜி வருது."

அன்றிலிருந்து பஞ்சநதத்துக்குப் பஜ்ஜி இறங்கவில்லை. அறுபத்து மூன்றாம் வயதில், தனக்குள் ஒரு வேட்டைக்காரன் இருப்பதை அவர் கண்டுபிடித்தார். முப்பத்தாறு வருஷம் கோப்புகளுக்குப் பின்னால் பதுங்கியே பழகியவன் என்பதால் அவனுக்குத் தனிப் பயிற்சிகூடத் தேவைப்படவில்லை.

பறவைகளை வேட்டையாடுவது சட்டப்படி குற்றம் என்பது அவருக்குத் தெரியும். சட்டம் தெரிந்தவர் என்பதால், அந்தக் காரியத்துக்கு வேறு பெயர் வைக்கவேண்டும் என்பதும் தெரியும். ஆவணி மாதம் முதல் வாரக் கூட்டத்தில் இப்படித் தீர்மானம் போட்டார்: "நேரடி நெல் விதைப்புக்குச் சேதம் விளைவிக்கும் பறவையினங்களின் நடமாட்டத்தை, தகுதியுள்ள நாய் ஒன்றின் மூலம் 'முறைப்படுத்துதல்'."

"துப்பாக்கி?" என்று வஹாப் கேட்டார்.

"கூடவே கூடாது. நாம சட்டத்துக்குக் கட்டுப்பட்டவங்க. நீ வயல் ஓரமா ஓலைவெடி வைக்கிற. பறவை அதிர்ச்சியில மயங்கி விழுது. நாய் போய் மரியாதையா எடுத்துக்கிட்டு வருது. நாம எங்க சுட்டோம்? அதுவா மயங்குது."

வஹாபுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்ட மூளை இவ்வளவு காலம் வெறும் கண்காணிப்பாளராக இருந்ததே என்ற வருத்தம்.

அடுத்த மூன்று வாரங்கள் 'நாய்த் தேர்வுக் குழு' கூடியது. தலைவர் பஞ்சநதம், உறுப்பினர் வஹாப். முதல் அமர்வில் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டன. அந்தத் தீர்மானத்தை எடுத்துக்கொண்டு பஞ்சநதம் வீட்டுக்குப் போனார். ரெத்தினம் சிப்பிப்பாறையின் படத்தைச் செல்போனில் பார்த்தாள்.

"இது நாயா, கன்னுக்குட்டியா? சாணி அள்ள முடியலன்னுதான் இருந்த மாட்டையே வித்தோம். இந்த உசரத்துல ஒண்ணு வாசல்ல வந்து நின்னுச்சுன்னா, நான் பட்டுக்கோட்டைக்கு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். நீங்களும் அதுவும் மாத்தி மாத்திச் சமைச்சுச் சாப்புடுங்க."

இரண்டாம் அமர்வில் 'நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு' பெரிய நாய்கள் கைவிடப்பட்டன. சிறிய இனமே வேட்டைக்கு உகந்தது என்று பஞ்சநதம் ஒரு மணி நேரம் பேசினார். பெரிய நாய் வரப்பை மிதித்துச் சரிக்கும், நாற்றை மிதிக்கும், பறவைக்கு முன்கூட்டியே தகவல் போய்விடும். சிறிய நாய் அப்படியல்ல. அது வருவதே பறவைக்குத் தெரியாது. பல நேரங்களில் உரிமையாளருக்கே தெரியாது.

எவ்வளவு சிறியது என்ற கேள்வி மூன்றாம் அமர்வில் எழுந்தது. பஞ்சநதத்தின் ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்திலிருந்து, மேலே கொக்கியில் தொங்கும் காய்கறிப் பை வரைக்கும் வஹாப் டேப் வைத்து அளந்தார். பதினாலு அங்குலம். வயலுக்கு நாய் ஸ்கூட்டரில்தான் போகவேண்டும் என்பதால், அதுவே நாயின் அதிகபட்ச உயரம் என்று நிர்ணயிக்கப்பட்டது. விஞ்ஞான முறை என்பது இதுதான்.

பிறகு இனங்கள் ஒவ்வொன்றாகப் பரிசீலிக்கப்பட்டன.

"டேஷண்ட்னு ஒண்ணு இருக்கு, நீளமா," என்றார் வஹாப், போனைப் பார்த்து.

"கால் எங்க?"

"இருக்குன்னு போட்டிருக்கான்."

"சேத்துல இறக்குனா நாத்தோட நாத்தா நட்டுக்கும்ப்பா. வேற?"

"பொமரேனியன்."

"குருவி கத்துனா சோபாவுக்கு அடியில போயிரும். நம்ம வயல்ல சோபாவும் கிடையாது."

கடைசியில் காக்கர் ஸ்பேனியல் என்ற இனம் அகப்பட்டது. பறவைகளைப் புதரிலிருந்து கிளப்பவும், விழுந்ததைப் பல் படாமல் கவ்வி வந்து எஜமானின் காலடியில் வைக்கவுமே உண்டாக்கப்பட்ட இனம். உயரம் பதின்மூன்றே முக்கால். கால் அங்குலம் மிச்சம் பிடித்த திருப்தியில் குழு கலைந்தது.

நாய் கோயம்புத்தூரிலிருந்து ரயிலில் வந்தது. தேன் நிறம், சாமரம் மாதிரிக் காதுகள், உலகமே தனக்கு எதையோ கொடுக்க மறந்துவிட்ட மாதிரி ஒரு பார்வை. கூடவே வம்சாவளிப் பத்திரமும் வந்தது. ஏழு தலைமுறைக்குத் தாய்வழியும் தந்தைவழியும் பெயர் போட்டிருந்தது. பஞ்சநதம் அதை இரண்டு முறை படித்தார். தன் கொள்ளுத்தாத்தாவின் பெயர் தனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. அதற்காகவே நாயின் மேல் மரியாதை கூடி, வீட்டுக்குள் வரும்போது தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ளலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தார்.

பெயர் பரோன் என்று பத்திரத்தில் இருந்தது. ஊர் ஒரே நாளில் அதை 'பரோட்டா' ஆக்கியது.

முதல் வேட்டை புதன்கிழமை காலை ஏழு மணிக்குத் தொடங்கியது. பஞ்சநதம் பேரன் விட்டுப்போன தொப்பி போட்டிருந்தார். வஹாப் வாய்க்கால் கரையில் வெடியைக் கொளுத்தினார். வயலில் இறங்கியிருந்த கொக்குகள், மடையான்கள், புறாக்கள் எல்லாம் எழும்பின. ஒன்றுகூட மயங்கவில்லை. பக்கத்து வயலில் களை பறித்துக்கொண்டிருந்த பெண்கள்தான் சேற்றில் உட்கார்ந்துவிட்டார்கள். பரோன் வெடிச் சத்தத்தில் ஸ்கூட்டருக்கு அடியில் நுழைந்து, கொஞ்சம் யோசித்து, பிறகு தெருப்பக்கம் ஓடியது.

"போச்சு, ஓடிருச்சு," என்றார் வஹாப்.

"ஓடல. மோப்பம்," என்றார் பஞ்சநதம்.

கால் மணி நேரத்தில் பரோன் திரும்பி வந்தது. வாயில் ஒரு பறவை. பழுப்பு நிறம், கரும்புள்ளிகள். ஒரு இறகுகூடக் கலையாமல் அதைக் கொண்டுவந்து பஞ்சநதத்தின் காலடியில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தது. பறவையும் நிமிர்ந்து பார்த்தது.

பஞ்சநதம் தொப்பியைக் கழற்றினார். "கௌதாரி," என்றார் மெல்ல.

வஹாப் பறவையைக் கையில் எடுத்தார். "கொஞ்சம் பெருசா இருக்கேப்பா. பார்த்தா கோழி மாதிரி..."

"நம்ம பக்கத்து நெல்லைத் தின்னா பெருசாத்தான் இருக்கும்."

"கால்ல நீலக் கலர்ல என்னமோ கட்டியிருக்கு."

பஞ்சநதம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். அவர் முகம் பிரகாசித்தது. "வஹாபு! கோடியக்கரையில ஆராய்ச்சிக்காரங்க பறவைக்கு வளையம் மாட்டி விடுவாங்கள்ல? அது. இது எந்த நாட்டுலேருந்து வந்ததோ!"

அதே சமயம் அந்த வெளிநாட்டுப் பறவை, வஹாபின் கையிலேயே ஒரு முட்டை இட்டது. வெதுவெதுப்பான முட்டையை வஹாப் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காட்டுப் பறவையும் முட்டைதான் போடும்," என்றார் பஞ்சநதம். "இட்லியா போடும்?"

வஹாப் பிஸ்மி சொல்லி அறுத்தார். மோட்டார் கொட்டகையில் மூன்று கல் கூட்டி, மிளகு தூக்கலாக வறுத்தார். முதல் துண்டை வாயில் போட்ட பஞ்சநதம் கண்ணை மூடிக்கொண்டார். "நாட்டுக்கோழியில இந்த ருசி வருமா?" என்றார். வரும் என்று வஹாபின் நாக்கு சொன்னது. செயலாளர் என்ற முறையில் அதை அடக்கிக்கொண்டார்.

வறுப்பதற்கு முன்பு எடுத்த படம் வாட்ஸப்பில் போனது: ஒரு கையில் பறவை, மறு கையில் நாய், நடுவில் தொப்பி. கீழே, "கௌதாரி வேட்டை. ஆதிச்சமேட்டில் வீரம் மீண்டது." வஹாபின் மச்சான் பேராவூரணியிலிருந்து பதிலுக்கு மூன்று நெருப்பு எமோஜி போட்டார்.

அடுத்த புதன்கிழமை பரோன் கொண்டுவந்தது 'நீர்க்கோழி' என்று அறிவிக்கப்பட்டது. அதற்கடுத்த வாரம் வந்தது சிவப்புக் கொண்டையோடு இருந்தது. கூடைக்குள் போட்டதும் கூவியது. "காட்டுச் சேவல்னா கூவத்தான் செய்யும்," என்றார் பஞ்சநதம், ஆனால் இந்தத் தடவை வஹாபின் முகத்தைப் பார்க்காமல்.

அந்த வெள்ளிக்கிழமை பூவம்மாள் சங்கக் கட்டடத்துக்கு வந்தாள். பஞ்சநதத்தின் வயல் உட்பட ஊரில் பாதி வயலுக்குக் களையெடுப்பவள், புருஷன் இல்லை, மகள் திருப்பூரில். கொல்லையில் நாலைந்து கோழி, வாசலில் ஒரு செம்பழுப்பு நாய். அதுதான் அவள் குடும்பம். இடுப்பில் ஒரு கோழியை இடுக்கிக்கொண்டிருந்தாள். பின்னாலேயே அந்த நாய், செவலை, வந்து வாசற்படியில் படுத்தது.

"ஐயா, மூணு வாரமா கோழி காணாமப் போவுதுங்க. ரெண்டு பொட்டை, ஒரு சேவல். இது ஒண்ணுதான் மிச்சம். நீங்க தலைவரு. ஒரு ஞாயம் சொல்லுங்க."

"அடையாளம் ஏதாச்சும்?" என்று கேட்டார் பஞ்சநதம், பேனாவைத் திறந்து.

"என் பழைய நீலச் சேலைக் கரையைக் கிழிச்சு எல்லாத்துக்கும் கால்ல கட்டியிருப்பேங்க. இந்தா, இது மாதிரி."

கோழியின் காலை அவள் தூக்கிக் காட்டினாள். பஞ்சநதம் பார்த்தார். கோடியக்கரை அவர் மனத்திலிருந்து கடலுக்குள் போனது. வயிற்றுக்குள் ஏதோ ஒன்று கூவுகிற மாதிரி இருந்தது. வஹாப் விட்டத்தில் பல்லியைத் தேடினார்.

வாயைத் திறந்து, "அம்மா பூவம்மா, தின்னது நாங்கதான்" என்று சொல்ல ஐந்து வினாடி போதும். சாதாரண மனிதன் அந்த ஐந்து வினாடியில் கவிழ்ந்துவிடுவான். பஞ்சநதம் நிர்வாகி. அவர் அந்த இடத்திலேயே ஒரு விசாரணைக் குழு அமைத்தார்.

பதற்றத்தில் 'நியாய விசாரணைக் குழு' என்று எழுதுவதற்குப் பதிலாக 'நாய் விசாரணைக் குழு' என்று எழுதிவிட்டார். பிறகு அதைத் திருத்தவில்லை. யாரை விசாரிக்கலாம் என்பதற்கு அதிலேயே வழி இருந்தது.

தலைவர் பஞ்சநதம், உறுப்பினர் வஹாப் அடங்கிய அந்தக் குழு ஒன்றரை நாள் ஆராய்ந்தது. மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் எலும்பு கிடந்தது; அங்கே செவலை நின்றதைப் பலர் பார்த்திருந்தார்கள். ஊரிலிருக்கும் நாய்களில் பரோனுக்கு ஏழு தலைமுறைப் பத்திரம் இருந்தது. செவலைக்கு அப்பன் யார் என்றே தெரியாது. கழுத்தில் பட்டை இல்லை, நிலையான தொழில் இல்லை, விசாரணையின்போது குழுவைப் பார்த்து உறுமவும் செய்தது.

"வேண்டாம்ப்பா பஞ்சு," என்றார் வஹாப் தாழ்ந்த குரலில். "அது பாவம்."

"நாம முடிவு பண்ணல வஹாபு. ஆதாரம் முடிவு பண்ணுது."

திங்கட்கிழமை நகரத்திலிருந்து நாய் பிடிக்கிற வண்டி வந்தது. கம்பி வளையம் கழுத்தில் விழுந்தபோது செவலை கத்தவில்லை, பூவம்மாளைத்தான் பார்த்தது. அவள் களைக்கொத்தைக் கையில் பிடித்தபடியே வண்டியின் பின்னால் மதகுவரை ஓடினாள். "அது கோழிய தொட்டதில்லைங்க! குஞ்சைப் பருந்து தூக்க வந்தா வெரட்டுறதே அதுதாங்க!" என்று டிரைவரிடம் சொன்னாள். டிரைவரிடம் தலைவரின் கையெழுத்துப் போட்ட கடிதம் இருந்தது.

மறுநாள் காலை பஞ்சநதம் ஐந்து இட்லியில் இரண்டைத்தான் சாப்பிட்டார்.

"என்ன உடம்புக்கு?" என்றாள் ரெத்தினம்.

"ஒண்ணுமில்ல. பொதுவாழ்க்கை."

ரெத்தினம் மூன்று இட்லியையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் திட்டாதபோதுதான் பஞ்சநதத்துக்கு வேர்க்கும்.

வியாழக்கிழமை வனத்துறை ஜீப் வந்து சங்கக் கட்டடத்தின் முன் நின்றது. இறங்கியவர் வனச்சரகர் அனுராதா. முப்பத்தைந்து வயதிருக்கும். குரலை உயர்த்தாமலேயே ஆளை உட்காரவைக்கும் பேச்சு. வஹாபின் மச்சான் நெருப்பு போட்ட அந்த வேட்டைப் படம் பேராவூரணி, பட்டுக்கோட்டை, சிங்கப்பூர் என்று சுற்றிக்கொண்டு, கடைசியில் அவர் போனுக்கும் வந்து சேர்ந்திருந்தது.

"இந்தத் தொப்பி உங்களுதுதானே சார்?"

"ஆமாம்மா."

"வீரம் மீண்டதுன்னு எழுதியிருக்கீங்க. கௌதாரி பாதுகாக்கப்பட்ட பறவை. வெடி வச்சு, நாயை விட்டுப் பிடிச்சுத் தின்னிருக்கீங்க. ஜாமீன் கிடைக்கிறதே கஷ்டம்."

பஞ்சநதத்தின் உள்ளே இருந்த வேட்டைக்காரன் அந்தக் கணமே ராஜினாமா செய்தான்.

"கௌதாரி இல்லம்மா! அது கோழி! சாதாரணக் கோழி!"

"கோழியா? கோழின்னா எனக்குச் சம்பந்தமே இல்ல. யாரு கோழி?"

பஞ்சநதம் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினார்.

"கடையில வாங்குனதா?" என்றார் அனுராதா. "கடைக்காரர் வந்து சொல்லட்டும்."

"குடவாசல் கடையில எல்லாம் வெள்ளை பிராய்லர்தாங்க இருக்கும்," என்றார் வஹாப். உண்மை பேசுவதில் அவருக்கு நேரங்காலம் தெரியாது.

"அப்ப கோழிக்குச் சொந்தக்காரர் வரணும். வந்து, இது என் கோழிதான்னு எழுதிக் கொடுக்கணும். இல்லன்னா இது கௌதாரிதான். நாளைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு வர்றேன்."

பஞ்சநதத்தின் நிலைமையை அனுதாபத்தோடு பார்க்கவேண்டும். திருடன் இல்லை என்றால் சிறை. திருடன் என்றால் வீடு. அவரைத் திருடன் என்று சொல்லிக் காப்பாற்றக்கூடியவள் உலகத்திலேயே ஒருத்திதான். அவள் வடக்கு வெளியில் முழங்கால் சேற்றில் நின்று களை பறித்துக்கொண்டிருந்தாள்.

வரப்பில் நின்றபடி பஞ்சநதம் எல்லாவற்றையும் சொன்னார். முதலில் 'எதிர்பாராத விதமாக', 'தவிர்க்க முடியாத சூழ்நிலையில்' என்றெல்லாம் தொடங்கினார். பூவம்மாள் நிமிராமல் களை பறித்துக்கொண்டே இருந்ததால் அந்த வார்த்தைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, கடைசியில், "நான்தான் தின்னேன் பூவம்மா. தெரிஞ்சப்புறமும் சொல்லல. பயந்துட்டேன்," என்பது மட்டும் மிஞ்சியது.

அப்போதுதான் அவள் நிமிர்ந்தாள். கையிலிருந்த களையை வரப்பில் போட்டாள். அவர் செருப்புக்குப் பக்கத்தில் விழுந்தது.

"கோழி போவுதுங்க. அடை வச்சா குஞ்சு பொரிக்கும். செவலைய கொண்டாங்க. அது வந்து என் வாசல்ல படுக்கட்டும். அப்புறம் நான் வந்து சொல்றேன்."

மறுநாள் காலை பஞ்சநதமும் வஹாபும் ஒரு குட்டியானை வண்டி பிடித்து நகரத்து நாய்க் காப்பகத்துக்குப் போனார்கள். அங்கே மேசையில் ஒரு இளைஞர் விண்ணப்பப் படிவத்தை நீட்டினார். பஞ்சநதம் வாழ்நாளெல்லாம் பிறருக்கு நீட்டிய வகைப் படிவம்.

"இனம்?"

"நாட்டு நாய்."

"நிறம்?"

"செம்பழுப்பு."

"உள்ள நூத்தி எண்பது இருக்கு சார். நூத்தி அறுபது செம்பழுப்பு. வேற அடையாளம்? போட்டோ? லைசென்ஸ்? வம்சாவளிப் பத்திரம்?"

கடைசிக் கேள்வியில் பஞ்சநதத்துக்கு இருமல் வந்தது. "பார்த்தா தெரியும் தம்பி" என்று கெஞ்சி உள்ளே போனார். கம்பிக் கூண்டுகள் வரிசையாக இருந்தன. "செவலை!" என்று கூப்பிட்டார். வரிசை வரிசையாக நாய்கள் வாலை ஆட்டின. எல்லாமே அவர் நாயாக இருக்கத் தயாராக இருந்தன. ஒவ்வொன்றின் முன்பும் நின்று, குனிந்து, முகம் பார்த்தார். ஊரில் ஒரு மனிதரின் முகத்தையும் அவர் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

கடைசி வரிசையில் ஒன்று மட்டும் வாலை ஆட்டவில்லை. எழுந்து நின்று, பல்லைக் காட்டி, அடிவயிற்றிலிருந்து உறுமியது.

"இதுதான்!" என்றார் பஞ்சநதம். கண்ணில் நீர் வந்துவிட்டது. "இது என்னைத் தெரிஞ்சு வச்சிருக்கு!"

இளைஞர் படிவத்தில் எழுதினார்: "அடையாளம்: கொடுத்தவரைக் கண்டால் உறுமுகிறது."

திரும்பும் வழியெல்லாம் செவலை வஹாபின் மடியில் தலை வைத்துக்கொண்டு, பஞ்சநதத்தைப் பார்த்து விட்டுவிட்டு உறுமிக்கொண்டே வந்தது. தெருமுனையில் வண்டி நிற்பதற்குள் குதித்து ஓடியது. பூவம்மாள் அழவில்லை. "எங்கடா போயித் தொலைஞ்ச? சோறு ஆறிப்போயி நாலு நாளாச்சு," என்று அதட்டினாள். செவலை அவளைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் வாசற்படியில் படுத்து, பெருமூச்சு விட்டது. பஞ்சநதம் தெருவிலேயே நின்றார். உள்ளே வாங்க என்று யாரும் சொல்லவில்லை.

நாலு மணிக்குச் சங்கக் கட்டடம் நிறைந்திருந்தது. வனத்துறை ஜீப்பைப் பார்த்ததும் உறுப்பினர்கள், உறுப்பினர் அல்லாதவர்கள் எல்லாருமே பொதுநலத்தில் அக்கறை கொண்டு வந்துவிட்டார்கள். அனுராதா செல்போன் படத்தைப் பூவம்மாளிடம் நீட்டினார்.

"இது உங்க கோழிதான்னு எப்படிச் சொல்றீங்க?"

"கால்ல பாருங்கம்மா, என் சேலைக்கரை." மடியிலிருந்து மிச்சக் கிழிசலை எடுத்து மேசையில் வைத்தாள். "கருப்புப் புள்ளிப் பொட்டை. காலையில ஏழரைக்கு முட்டை போடும். அன்னிக்கும் போட்டுச்சாம்ல? பாய் சொன்னாரு."

வஹாப் தலையாட்டினார். முட்டையின் சூடு இன்னும் உள்ளங்கையில் இருந்ததோ என்னவோ, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

அனுராதா எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினார். "நாட்டுக்கோழி. வன உயிரினக் குற்றம் இல்லை. போலீஸ்ல திருட்டுப் புகார் கொடுக்கிறீங்களாம்மா?"

"வேணாங்க. நெசம் என்னன்னு ஊருக்குத் தெரிஞ்சாப் போதும்."

ஜீப் கிளம்பிப் போனது. கட்டடத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. பிறகு கைதட்டல் எழுந்தது. தலைவர் தப்பித்துவிட்டார்! ஒருவர் மாலை வாங்க ஆள் அனுப்பினார். உணர்ச்சிவசப்பட்ட வஹாப் தீர்மானப் புத்தகத்தைத் திறந்து, நின்றபடியே எழுதி, உரக்க வாசித்தார்:

"நமது மதிப்பிற்குரிய தலைவர் திரு. பஞ்சநதம் அவர்கள் வேட்டைக்காரர் அல்லர், கோழி திருடித் தின்றவர் மட்டுமே என்பது ஐயத்திற்கிடமின்றி நிரூபணமானதை இக்கூட்டம் மிகுந்த மகிழ்ச்சியுடனும் பெருமிதத்துடனும் பதிவு செய்கிறது."

மறுபடியும் கைதட்டல். பஞ்சநதம் எழுந்து கும்பிட்டார். முப்பத்தாறு வருஷப் பழக்கம். வாய் தானாகவே கேட்டது:

"முன்மொழிபவர்?"

கைதட்டல் நின்றது. உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கதவோரம் நின்ற பூவம்மாள் கையை உயர்த்தினாள்.

"நான் மொழியிறேங்க."

"நீ உறுப்பினர் இல்லையே பூவம்மா," என்றார் ஒருவர்.

"கோழி என்னுதுங்களே."

விதிகளின் புத்தகத்தில் இதற்கு மறுப்பு எங்கே இருக்கிறது என்று வஹாப் புரட்டினார். கிடைக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

"வழிமொழிபவர்?" என்றார் பஞ்சநதம்.

தேநீர்த் தட்டோடு உள்ளே வந்துகொண்டிருந்த ரெத்தினம், தட்டை அவர் முன்னால் மேசையில் வைத்தாள். டம்ளர்கள் ஆடி நின்றன.

"நான் வழிமொழியிறேன். ஒரு திருத்தம் இருக்கு. அந்த 'மட்டுமே'ங்குறதை அடிச்சுருங்க வஹாப் அண்ணே. 'தான் தின்ன கோழிக்கு, களைபறிக்கிறவ நாயைப் புடிச்சுக் குடுத்தவரும் இவரே'ன்னு சேத்து எழுதுங்க."

வஹாபின் பேனா ஒரு கணம் தயங்கியது. பிறகு அடித்தது; சேர்த்து எழுதியது. கூட்டத்தில் கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. எல்லாம் உயர்ந்த பிறகும் வஹாப் புத்தகத்தை மூடவில்லை. தலைவரையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒருமனதாக என்று எழுத இன்னும் ஒரு கை பாக்கி இருந்தது.

பஞ்சநதம் மேசைக்கடியிலிருந்து அதை மெல்ல வெளியே எடுத்தார்.